மரச்செருப்பில் விழாத காசு

போன மார்ச்சில் தரை என்னைக் கைவிட்டது.
படுக்கையில் நான் புரண்டால் கூரையும் புரண்டது.
தேநீர்க் கோப்பைக்குப் போன கை
சுவரைத் தொட்டுத் திரும்பியது.
காதுக்குள் நத்தை ஓடு மாதிரி ஒன்று,
அதற்குள் ஒரு மிடறுகூட இல்லாத நீர்,
அது கலங்கினால் ஆளே கலங்கிப்போவாள் என்று
லேவார்டன் மருத்துவர் படம் வரைந்து காட்டினார்.
படமும் சுற்றியது.

நாற்பத்தொன்பது வயதில்
ஒற்றைக் காலில் நிற்கப் பாடம் படித்தேன்.
ஜன்னலுக்கு வெளியே, கால்வாய்க் கரையில்,
ஒரு நாரை அதைத் தூங்கிக்கொண்டே செய்தது.

மூன்று மாதம் என் பாலத்தை டூவே பார்த்துக்கொண்டான்.
படகு வந்தால் பாலம் தூக்க வேண்டும்,
தூண்டில் கோலில் தொங்கும் மரச்செருப்பை நீட்டிக்
கட்டணம் வாங்க வேண்டும். அவ்வளவுதான் எங்கள் வேலை.
செருப்பு ஆடும், காசு விழும், படகு போகும்.
"இன்று உன் செருப்பில் ஒரு சட்டைப் பொத்தான், சீட்ஸ்கே,
ஜெர்மன்காரன் போட்டது" என்பான் மாலையில் வந்து.
சிரித்தால் தலை சுற்றும்.
ஆனாலும் சிரித்தேன்.

கொட்டகையில் அந்த ஃபோங்கர்ஸ் நின்றது.
முப்பத்தாறாம் வருஷத்துச் சைக்கிள்,
என் அம்மாவைவிட மூன்று வயது மூத்தது.
யாரோ தொழுவத்தைக் காலி செய்தபோது
இருபத்தைந்து யூரோவுக்கு வாங்கினேன்,
வைக்கோலைத் தட்டிவிடாமலே.
எருமையின் நிறம், எருமையின் கனம்.
பிரேக்குக்குக் கம்பி இல்லை, இரும்புக் கோல்கள்;
பிடித்தால் யோசித்துவிட்டுத்தான் நிற்கும்.
எவளோ ஒருத்தி எத்தனையோ வருஷம் உட்கார்ந்து
தோல் இருக்கையில் ஒரு பள்ளம் செய்திருக்கிறாள்.
எனக்கு அது அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது.
பால்காரியோ, பாதிரியார் மனைவியோ, தெரியாது.
முதல் நன்றியை அவள் எடுத்துக்கொள்ளட்டும்.

ஜூலை பதினொன்று. காற்றில்லாத காலை
(இந்த ஊரில் அது திருவிழா).
டூவே இருக்கையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான்.
"விடாதே."
"விடமாட்டேன்."
விடவில்லைதான். அறுபத்திரண்டு வயது மூச்சு
அவனை விட்டது. தொப்பென்று ஒரு சத்தம்.
திரும்பிப் பார்த்தேன்:
புல்லில் கிடந்தான், தொப்பி ஒருபுறம், அவன் ஒருபுறம்.

திரும்பிப் பார்த்தேன்!
ஓடும் சைக்கிளில் கழுத்தைத் திருப்பி!
வானம் வானத்தில் இருந்தது,
பசுக்கள் நான்கு காலிலும் நின்றன,
நாணல் நாணலாக.
எல்லாம் வைத்த இடத்தில்.

அன்றிலிருந்து நான் கொஞ்சம் அசடு.
தேங்கிய மழைநீரில் வேண்டுமென்றே ஓட்டுகிறேன்.
மணியை ஆளில்லாத பாதையில் அடிக்கிறேன்,
வாத்துக்கு, மைல்கல்லுக்கு, மேகத்துக்கு.
எதிர்க்காற்று கன்னத்தில் அறைந்தால்
இன்னொரு கன்னம் தயார்.
மாலையில் டைனமோவை டயரில் சாய்த்தால்
விளக்கு ஒரு முனகலோடு விழிக்கிறது.
என் முழங்கால் வலியில் பிறந்த வெளிச்சம்,
முன்னால் நாலடி.
அதில் ஒரு முள்ளம்பன்றி கடந்தது ஒருநாள்.
இறங்கி நின்றேன். இருட்டிவிட்டது.
அது போன சத்தம் மட்டும் கேட்டது,
உலர்ந்த இலைமேல், அவசரமே இல்லாமல்.

இத்தனைக்கும் கட்டணம் யாரிடம் கட்டுவது?
மேலே பார்க்கிறேன். எந்தப் பாலத்திலிருந்தும்
யாரும் செருப்பை நீட்டவில்லை.
நீட்டினால் போடலாம் என்று
சட்டைப்பையில் இரண்டு யூரோ வைத்திருந்தேன்.
நேற்று பேக்கரியில் திராட்சை ரொட்டி
அடுப்பிலிருந்து அப்போதுதான் வந்தது.
அந்தக் காசு போய்விட்டது.
பாதியை டூவேயின் வாசல் கொக்கியில் மாட்டிவிட்டு
மீதியை ஓட்டிக்கொண்டே தின்றேன், ஒற்றைக் கையால்.

இன்று வேறு இரண்டு யூரோ வைத்திருக்கிறேன்.
சங்கிலி கீச்சிடுகிறது.
எண்ணெய் போட வேண்டும்.